பெட்ரோல் கோல்ஃப் கார்ட்டா, பேட்டரி கோல்ஃப் கார்ட்டா: வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

அட்லாண்டாவுக்குத் தென்மேற்கே முப்பது மைல் தள்ளி பீச்ட்ரீ சிட்டி என்று ஒரு ஊர். கார் ஓடும் சாலைகள் போக, கோல்ஃப் கார்ட்டுக்கும் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று தனியாக 100 மைலுக்கு மேல் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். ஊரில் பதிவான கார்ட்டுகள் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். பால் வாங்கப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, சாயங்காலம் ஏரிக்கரையில் காற்று வாங்கப் போவது எல்லாமே அதில்தான். உயர்நிலைப் பள்ளி வாசலில் மாணவர்கள் ஓட்டி வந்த கார்ட்டுகள் வரிசையாக நிற்கும். இங்கே கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத வீட்டிலும் ஒரு கார்ட் நிற்கும், எங்கள் வீடும் அப்படித்தான்.

புதிதாகக் குடிவரும் நம்மாட்கள் முதல் மாதமே கேட்பது இதைத்தான்: "அண்ணா, கேஸ் வண்டி வாங்கலாமா, எலக்ட்ரிக் வாங்கலாமா?" கேஸ் என்றதும் சிலிண்டரை நினைத்துக்கொள்ள வேண்டாம், அமெரிக்காவில் பெட்ரோலைத்தான் கேஸ் என்கிறார்கள். நான் பெட்ரோல் வண்டி, பேட்டரி வண்டி என்றே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி வண்டி நிற்கும் இடத்தில் சுவரில் ஒரு ப்ளக் இருக்கிறது, எவ்வளவு அலைந்தாலும் ஒரு நாளைக்குப் பதினைந்து மைலைத் தாண்டாது என்றால் பேட்டரி வண்டி வாங்குங்கள். ப்ளக் இல்லை, அல்லது பெரிய நிலம், ஏற்ற இறக்கம், ஒரே நாளில் முப்பது நாற்பது மைல், பின்னால் சுமை என்றால் பெட்ரோல். ஆனால் பேட்டரி வண்டி என்று முடிவு செய்தீர்கள் என்றால் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பேட்டரியைத்தான், வண்டி அதோடு கூட வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருத்தமான சாயங்காலம் தேவைப்பட்டது.

நாங்கள் முதலில் வாங்கியது பழைய 48 வோல்ட் வண்டி. புது சீட், புது பெயின்ட், பளபளவென்று இருந்தது. விற்றவர் வீட்டைச் சுற்றி இரண்டு வட்டம் ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் ஓடியது. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்த நேரம். மூன்றாம் நாள் இருவரையும் உட்காரவைத்து ஏரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம். நெடுஞ்சாலைக்கு மேலே கார்ட்டுக்கென்று கட்டிய பாலத்தில் பாதி ஏறும்போதே வண்டி நடை வேகத்துக்கு வந்து, அப்புறம் நின்றேவிட்டது. இருட்டத் தொடங்கிவிட்டது. பின்னால் நாலு வண்டி காத்திருக்கிறது. "இருப்பா, நான் இறங்கித் தள்ளுறேன்" என்று எழுபத்திரண்டு வயதில் அப்பா இறங்கிவிட்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

மறுநாள் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஆறு பேட்டரி, மேலெல்லாம் கழுவித் துடைத்துச் சுத்தமாக. பல கம்பெனிகள் தயாரித்த மாதத்தை ஈய முனையிலோ ஓரத்திலோ குத்தியிருப்பார்கள். ஓர் எழுத்து மாதத்துக்கு, ஓர் எண் வருடத்துக்கு: ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, பக்கத்தில் இருக்கும் எண் வருடத்தின் கடைசி இலக்கம். மைனஸ் முனையில் ஒட்டியிருந்த பச்சைப் படிவைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் அந்த எழுத்தும் எண்ணும் தெரிந்தன. ஆறு பேட்டரிக்கும் வயது ஆறு. இந்த ஈய பேட்டரிகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் நாலிலிருந்து ஆறு வருடம் ஓடும், அதாவது நான் வாங்கியபோதே அவற்றின் ஆயுள் முடிந்திருந்தது.

இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் வண்டிகளைக் குத்தகைக்கு எடுக்கின்றன. மூன்று நாலு வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது அவை மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன. யாரோ வாங்கி சீட் மாற்றி, டயர் மாற்றி, பின்சீட் வைத்து விற்கிறார்கள். அதில் தப்பே இல்லை, அந்த வண்டிகளின் ஃப்ரேம் நீண்ட காலம் தாங்கும். ஆனால் பேட்டரியை மாற்றினார்களா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி மேல் இருக்கும் தண்ணீர் ஊற்றும் வாய்களை எண்ணுங்கள். ஒரு வாய்க்கு 2 வோல்ட். மூன்று வாய் இருந்தால் 6 வோல்ட் பேட்டரி, நாலு இருந்தால் 8 வோல்ட். 6 வோல்ட் பேட்டரி ஆறு என்றால் 36 வோல்ட் வண்டி, 8 வோல்ட் ஆறு என்றால் 48. வீட்டு உபயோகத்துக்கு 36 வேண்டாம் என்பேன், நாலு பேர் உட்கார்ந்து மேடேறும்போது திணறும். சந்தையில் இப்போது 48-தான் அதிகம், 72 வோல்ட்டும் வந்துவிட்டது.

அடுத்து, வோல்ட் அளக்கும் பத்து டாலர் மல்டிமீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணி நேரம் சும்மா நின்ற 48 வோல்ட் தொகுதி (எல்லா பேட்டரியும் சேர்ந்தது) 50.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 48.4 காட்டினால் பாதிதான் இருக்கிறது என்று அர்த்தம். இதோடு நிறுத்திவிடாதீர்கள், செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் சும்மா நிற்கும்போது நல்ல எண்ணைக் காட்டும், என் பழைய வண்டியும் அப்படித்தான் காட்டியது. சுமையில் பார்க்க வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள், மேடு பார்த்து பெடலை முழுக்க அழுத்தி ஏற்றச் சொல்லி, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் கொஞ்சம் இறங்கி நின்று, மேடு முடிந்ததும் திரும்ப ஏறினால் நல்லது. மடமடவென்று 42-க்குக் கீழே போனால் விற்பவர் சொல்லும் விலையில் ஒரு புது பேட்டரித் தொகுதியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். மேட்டில் பெடலை விட்ட உடனே ஒவ்வொரு பேட்டரியாகவும் அளந்து பாருங்கள். மற்ற ஐந்தும் 8.3 காட்டும்போது ஒன்று மட்டும் 7.5 காட்டினால் பிரச்சினை அந்த ஒன்றில் இருக்கிறது. அதை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பார்கள். பழைய ஐந்தோடு புதுசு ஒன்றைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் பழசின் நிலைக்கு வந்துவிடும், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சார்ஜரைச் சொருகிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய வகை சார்ஜர்கள் பேட்டரியில் கொஞ்சமாவது மின்சாரம் மிச்சம் இருந்தால்தான் வேலை தொடங்கும், அடியோடு இறங்கிவிட்ட தொகுதியில் சொருகினால் க்ளிக் சத்தம்கூட வராது.

இனி பராமரிப்பு, பேட்டரி வண்டிக்காரர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஈய பேட்டரிக்கு மாதம் ஒருமுறை தண்ணீர் பார்க்க வேண்டும். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேலன் கேனில் ஒன்றிரண்டு டாலருக்குக் கிடைக்கும். சார்ஜ் ஏறி முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்னால் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் நீர் விரிந்து வழிந்து அமிலத்தையும் வெளியே தள்ளும், அடியில் இருக்கும் இரும்பு அரித்துப்போகும். உள்ளே தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும் அளவு ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள், மிச்சத்தை அப்புறம் ஊற்றலாம். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் கராஜில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ரெண்டு மைல் போய் வந்தாலும் ப்ளக்கில் போட்டுவிடுங்கள். பாதிச் சார்ஜில் வாரக்கணக்காக நின்றால் தகட்டில் உப்பு மாதிரி படிந்து இறுகிவிடும், அது பெரும்பாலும் திரும்பாது. கோடையில் இரண்டு மாதம் ஊருக்குப் போகும் குடும்பங்களில் பேட்டரி போவது இதனால்தான்.

இந்த வேலையெல்லாம் ஆகாது என்பவர்களுக்கு லித்தியம் இருக்கிறது. இரண்டாம் முறை நாங்கள் அதைத்தான் போட்டோம். ஈய பேட்டரி ஆறும் சேர்ந்து 170 கிலோ, அதற்குப் பதிலாக வைத்த லித்தியம் பெட்டி 50 கிலோகூட இல்லை. வண்டி இளைத்துப்போனது மாதிரி மேட்டில் துள்ளிக்கொண்டு ஏறுகிறது. தண்ணீர் கிடையாது, அமிலம் கிடையாது. மாதக்கணக்கில் நின்றாலும் பெரிதாக இறங்காது, ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு இதுதான் சரி. எட்டு வருடம் வாரன்டி தருகிற கம்பெனிகள் இருக்கின்றன. ஈயத் தொகுதி ஆயிரம் முதல் ஆயிரத்தைநூறு டாலர் என்றால், இது இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் வரை போகும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய சார்ஜரை அதில் சொருகக் கூடாது, லித்தியத்துக்கு உரிய சார்ஜரே வேண்டும். அப்புறம், வோல்ட்டை வைத்து அளக்கும் பழைய முள் மீட்டர் கடைசி வரைக்கும் ஏறக்குறைய முழுசு என்றே காட்டும். ஈய பேட்டரி தீரும்போது வண்டி மெதுவாகி நமக்குச் சொல்லிவிடும், லித்தியம் கடைசிவரை அதே வேகத்தில் ஓடிவிட்டு டக்கென்று நிறுத்திக்கொள்ளும். அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும் தனி மீட்டரையும் சேர்த்தே போடுங்கள். உறைபனிக் குளிரில் லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது, நல்ல பெட்டியாக இருந்தால் அதுவே மறுத்துவிடும்.

சரி, பெட்ரோல் வண்டி. இதை மட்டமாக நினைக்கும் ஆளில்லை நான். ஃப்ளோரிடாவில் த வில்லேஜஸ் என்று ஓய்வு பெற்றவர்களுக்கான பெரிய ஊர் இருக்கிறது, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவ்வளவு தூரம், அங்கே பெட்ரோல் வண்டி விரும்பி வாங்குகிறவர்கள் நிறைய. டேங்க் ஐந்தாறு கேலன் பிடிக்கும், நூறு மைலுக்கு மேல் தாராளமாகப் போகும், தீர்ந்தால் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். பேட்டரி வண்டிக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் சார்ஜ் ஆக வேண்டும். குதிரைப் பண்ணை, தோட்டம், கேம்ப்கிரவுண்ட் வைத்திருப்பவர்கள் பேட்டரி வண்டி பக்கமே போக வேண்டாம்.

இந்த எஞ்சின் ஓடும் விதம் கார் மாதிரி இல்லை. பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், பெடலை விட்டால் எஞ்சின் அணைந்துவிடும், திரும்ப அழுத்தினால் ஒரு பெல்ட் அதைச் சுழற்றிக் கிளப்பிவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் இது நடப்பதால் பழைய கார்புரேட்டர் வண்டிகளில் லேசான உதறல் இருக்கும். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை, இடுப்பு வலிக்கிறது என்றார். எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் தெளிக்கும் புது எஞ்சின்களில் உதறலும் சத்தமும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன, முடிந்தால் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய பெட்ரோல் வண்டி பார்க்கப் போனால், முதலில் எஞ்சினை லேசாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்னால் ஓட்டி வைத்திருக்கிறார்கள், ஆற விட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சின் கிளம்புவதில்தான் விஷயம் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஃப்யூல் பம்ப்பின் உள்சவ்வு கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலந்திருக்கலாம். எஞ்சினைக் கிளப்பும் பெல்ட், சக்கரத்தை ஓட்டும் பெல்ட் இரண்டையும் விரலால் மடக்கி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்ரோல் வண்டிக்குப் பராமரிப்பு என்பது ஆயில், ஏர் ஃபில்டர், ஃப்யூல் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், பெல்ட், கிளம்ப உதவும் ஒரு 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். சின்ன வயதில் ஸ்கூட்டரைக் கழற்றிப் பூட்டிய கை என்றால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதன் பலவீனம், நிற்பது. இங்கே பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாகப் பத்து சதவீதம் எத்தனால் கலந்திருக்கும், ஓடாமல் மூன்று நாலு மாதம் நின்றால் அது கார்புரேட்டருக்குள் பிசினாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் ஃப்யூல் ஸ்டெபிலைசர் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் இன்னும் நல்லது. மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

செலவைக் கேட்பவர்களுக்கு என் கணக்கு இது. பாதி தீர்ந்த ஈயத் தொகுதியைத் திரும்ப நிரப்ப ஐந்து யூனிட் சுற்றி ஆகும், யூனிட் 14 சென்ட் என்று வைத்தால் 70 சென்ட். பெட்ரோலில் அந்தத் தூரத்துக்கு அதைவிடக் கூடத்தான் ஆகும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கு ஆயிரத்தைநூறு டாலரை ஒரே அடியாக எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. பெட்ரோல் வண்டியை வருடாவருடம் கடையில் கொடுத்தால் இருநூறு டாலர் மாதிரி. பத்து வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வரவில்லை, செலவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அக்கம்பக்கம் இன்னொரு விஷயம். காலை ஆறு மணிக்கு எஞ்சின் சத்தம் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே கேட்கும். சில குடியிருப்புச் சங்கங்கள் பெட்ரோல் வண்டியை அனுமதிப்பதே இல்லை, விதிகளை முதலில் படியுங்கள். கலிஃபோர்னியாவில் காற்று மாசு அதிகமுள்ள பகுதிகளில் 1997 முதல் புது கார்ட் என்றால் புகை விடாத வண்டிதான், அங்கே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கேள்வியே எழாது.

வேகத்தைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் இந்த வண்டிகள் மணிக்கு 20 மைலுக்குக் கீழேதான் ஓட வேண்டும். 20-லிருந்து 25 வரை ஓடும் வண்டி கூட்டாட்சி விதிப்படி வேறு வகை, சீட் பெல்ட், விளக்கு, கண்ணாடி, பதினேழு இலக்க அடையாள எண் எல்லாம் வேண்டும். பெட்ரோல் வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகத்தைத் தளர்த்தி வேகம் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டும்தான், வளைவில் குழந்தைகள் வெளியே விழுந்துவிடுவார்கள். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன் வைத்த பேட்டரி வண்டி தூரமும் குறைவாகவே போகும்.

பிராண்டைப் பற்றி ரொம்ப மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈ-ஸீ-கோ இதே ஜார்ஜியாவின் ஆகஸ்டாவில், கிளப் கார் அதற்குப் பக்கத்தில் எவன்ஸில், யமஹா எங்களுக்குப் பக்கத்து ஊரான நியூனனில் தயாராகின்றன. மூன்றுக்கும் இருபது வருடப் பழைய வண்டிக்குக்கூட உதிரி பாகம் கிடைக்கிறது. சீரியல் எண்ணை ஃபோட்டோ எடுத்து எந்த வருட வண்டி என்று நீங்களே சரிபாருங்கள், விற்பவர் சொல்லும் வருடத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

வாங்கும் நாளில் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு, நீங்கள் தினமும் போகப்போகிற பாதையிலேயே, உங்கள் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு, சார்ஜ் போடாமல் எட்டு மைல் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஒத்துக்கொள்கிறவரிடம் வாங்குங்கள். பேட்டரி மாற்றினால் பழைய ஆறையும் கடைக்கே எடுத்துப் போங்கள், புதுசு வாங்கும்போது பழசுக்கென்று பிடித்து வைக்கும் டெபாசிட்டைத் திருப்பித் தருவார்கள், ஈயம் குப்பைக்கும் போகாது. ஒவ்வொன்றும் முப்பது கிலோவை ஒட்டி வரும், தனியாகத் தூக்காதீர்கள்.